சிறு தொட்டியில் சேர்ந்து வாழும் மீன்கள்

திருத்தணி மலைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ளது பள்ளிப்பட்டு. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த பகுதி இது. இன்றும் இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. ஒரு வீட்டுத் திண்ணையில் தமிழில் தொடங்கும் பேச்சு அடுத்த வீட்டுத் திண்ணையில் தெலுங்கில் முடிவதுண்டு. இத்தகைய ஊரில் வளர்ந்த நமக்குச் சேர்ந்து வாழ்தல் என்பது நூலில் படித்துத் தெரிந்துகொண்ட செய்தியன்று. எனினும், இரண்டடி நீளமுள்ள ஒரு கண்ணாடித் தொட்டியில் பதினைந்து மீன்களைச் சேர்த்து வாழவைக்க முனைந்தபோது நாம் தோற்றோம். ஏன் தோற்றோம் என்பதையும், பின்னர் எவ்வாறு திருத்திக்கொண்டோம் என்பதையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டுச் சிறுமியின் விருப்பத்திற்கிணங்கச் சென்னையில் ஒரு கடையில் மீன்களை வாங்கினோம். இரண்டு பொன்மீன்கள், இரண்டு ஏஞ்சல் மீன்கள், ஆறு நியான் டெட்ராக்கள், நான்கு புலிவரிப் பார்ப் மீன்கள், கண்ணாடியைத் துடைத்துத் தரும் என்று நம்பி வாங்கிய ஒரு சக்கர் மீன் ஆகப் பதினைந்து. நிறத்தை நோக்கினோமே அன்றி வேறெதையும் நோக்கவில்லை. சிறுமி நாள்தோறும் பள்ளிக்குச் செல்லுமுன் தொட்டியருகே நின்று எண்ணிப் பார்ப்பாள். மூன்றாம் நாள் பன்னிரண்டு என்றாள். ஐந்தாம் நாள் நியான் மீன் ஒன்றேனும் இல்லை. ஏஞ்சல் மீன்களின் நீண்ட துடுப்புகளைப் பார்ப் மீன்கள் கடித்துக் கடித்து நைந்த துணிபோல் ஆக்கிவிட்டன. அவ்விரண்டும் ஒரு மூலையில் சாய்ந்து நின்றன. பொன்மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. பதினோராம் நாள் சிறுமி எண்ணாமலே பள்ளிக்குச் சென்றாள்.

கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. நாம் கேட்டவற்றை அவர் தந்தார். நாம் கேட்க வேண்டியவற்றைக் கேட்கவில்லை. குளத்தில் வாழும் மீன் தனக்கு ஒவ்வாத மீனைக் கண்டால் விலகிச் செல்லும். தண்ணீர் ஒவ்வாவிடில் வேறு மடுவைத் தேடும். தொட்டியிலுள்ள மீனுக்கு விலகிச் செல்ல வழியில்லை. யாரோடு வாழ்வது, எந்நீரில் வாழ்வது என்பனவற்றை அதற்காக நாமே முடிவு செய்துவிடுகிறோம். ஆகவே தேர்வின் பொறுப்பு முழுதும் நம்மையே சாரும்.

கூட்டுத் தொட்டி என்பது யாது?

மீன் தமிழர்க்குப் புதிதன்று. பாண்டியர் தம் கொடியிலேயே கயலைப் பொறித்தனர். சங்கப் புலவர்கள் கயல், கெண்டை, வாளை, வரால், அயிரை எனப் பெயரிட்டு வேறுபடுத்தியே மீன்களைப் பாடினர். ஆயின், கண்ணாடிச் சுவருக்குள் மீனை வைத்துக் காணும் வழக்கம் அண்மைக் காலத்தது. 1850ஆம் ஆண்டளவில் இராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கிலேய வேதியியலார், சிறு பொன்மீன்களோடு நீர்ச்செடியையும், அச்செடியின் அழுகிய இலைகளைத் தின்னும் நத்தைகளையும் ஒரு கலத்தில் இட்டு, அவை ஒன்றற்கொன்று துணையாகி வாழ்வதை விளக்கினார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்கள் காண மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. சென்னை மெரினாக் கடற்கரையில் 1909இல் ஒரு மீன்காட்சியகம் தோன்றியது.

வாரிங்டன் செய்த ஆய்வின் உட்பொருள், தொட்டி என்பது அழகுப்பொருள் அன்று, ஒன்றையொன்று சார்ந்த உயிர்களின் குடியிருப்பு என்பதாகும். இவ்வாறு வெவ்வேறு இன மீன்கள் ஒன்றையொன்று துன்புறுத்தாமல் ஒரே நீரில் வாழும் தொட்டியைக் கூட்டுத் தொட்டி எனலாம்.

இன்று வண்ணமீன் வாணிகத்தில் கொல்கத்தா, மும்பை ஆகியவற்றோடு சென்னையும் முன்னிற்கிறது. சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகள் பெயர் பெற்றவை. நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இம்மீன்களைக் குட்டி எடுத்து வளர்க்கும் பண்ணைகள் பல உள்ளன. அமேசான் ஆற்று மீனும், தாய்லாந்து வயல் மீனும், மெக்சிகோ ஓடை மீனும் அடுத்தடுத்த கண்ணாடிப் பெட்டிகளில் நமக்குக் கிடைக்கின்றன. அடுத்தடுத்த பெட்டிகளில் இருக்கின்றன என்பதாலேயே அவை ஒரே பெட்டியில் இருக்கத் தக்கன என்று எண்ணுவதுதான் முதற்பிழை. மீனைத் தேர்ந்தெடுக்குமுன் நீர், வளர்ச்சி, குணம், வாழும் மட்டம் என்னும் நான்கினையும் இவ்வரிசையிலேயே ஆராய்தல் வேண்டும்.

முதலாவது: நீர்

பள்ளிப்பட்டுப் பகுதியில் நாம் பெரிதும் நம்பியிருப்பது கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஆகும். பாறைப் பாங்கான நிலத்தின் ஊடே ஊறி வரும் நீரில் சுண்ணமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். இதனைப் பொதுமக்கள் உப்புத் தண்ணீர் என்பர்; நூலோர் கடின நீர் என்பர். சோதனைக் கருவி இல்லாமலேயே இதனை அறியலாம். சவர்க்காரம் நுரைக்க மறுக்கும். பருப்பு எளிதில் வேகாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெண்படலம் படியும். இவை உங்கள் வீட்டில் நிகழுமாயின் உங்கள் தொட்டி நீரும் கடின நீரே. அந்நீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையதாக, பி.எச். எனப்படும் குறியெண் ஏழுக்கு மேற்பட்டதாக இருக்கும்.

மீன்களுள் கடின நீரை விரும்புவனவும் உண்டு, மென்னீரை விரும்புவனவும் உண்டு. நியான் டெட்ரா, காட்டிலைகள் ஊறிக் கறுத்த அமேசான் கிளையாறுகளின் மென்னீருக்கு உரியது. அந்நீர் அமிலத் தன்மையது. அதனை நம் கிணற்று நீரில் விட்டது நாம் செய்த பிழைகளுள் முதன்மையானது. கப்பி, மாலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகிய குட்டி ஈனும் மீன்களோ சுண்ணம் மிக்க நீரில் செழிப்பன. பருப்பு வேகாத தண்ணீர் இவற்றிற்கு ஏற்ற தண்ணீராகும்.

சிலர் குடிப்பதற்கு விலைக்கு வாங்கும் கேன் தண்ணீரைத் தொட்டியில் நிரப்புவர். தாதுக்கள் பெரிதும் நீக்கப்பட்ட அந்நீரில் குட்டி ஈனும் மீன்கள் நலிவடையும். மீனுக்கு ஏற்ப நீரை மாற்றுவது ஒரு வழி. நீருக்கு ஏற்ப மீனைத் தேர்வது மற்றொரு வழி. முன்னையது வாரந்தோறும் தொடரும் உழைப்பையும் செலவையும் வேண்டுவது. பின்னையது வாங்கும் நாளில் ஒருமுறை சிந்தித்தாலே போதுமானது. சிறு தொட்டி வைத்திருப்போர்க்குப் பின்னையதே தக்கது.

நீரோடு சேர்த்து வெப்பத்தையும் கருதவேண்டும். கோடையில் திருத்தணி வட்டாரம் 40 பாகை செல்சியசைக் கடப்பது வழக்கம். அப்போது வீட்டினுள் இருக்கும் தொட்டி நீரும் 30 பாகையைத் தாண்டும். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் உயிர்வளி குறையும். 20 பாகையில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கக் கூடும்; 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மீனின் மூச்சுத் தேவையோ வெப்பத்தோடு கூடும். வரவு குறைந்து செலவு கூடும் இந்நிலையில் மின்சாரமும் நின்று காற்றேற்றும் கருவி ஓய்ந்துவிட்டால், குளிர்நீருக்கு உரிய பொன்மீனே முதலில் மேற்பரப்புக்கு வந்து திணறும். நம் தொட்டியில் நிகழ்ந்ததும் அதுவே.

இரண்டாவது: வளர்ச்சி

கடையில் விற்கப்படுவன பெரும்பாலும் குஞ்சுகளே. கட்டைவிரல் நீளத்தில் நாம் வாங்கும் ஆஸ்கர் மீன் ஓரடிக்கு வளரும். ஏஞ்சல் மீனின் உடல் ஐந்தாறு அங்குலம்; மேலும் கீழும் விரியும் துடுப்புகளோடு அதன் உயரம் அதனினும் மிகும். பொன்மீன் உள்ளங்கையைவிடப் பெரிதாக வளரக் கூடியது. ஷார்க் என்னும் பெயரால் விற்கப்படும் கெளுத்தி இன மீன் தன் தாயகமான மேக்கோங் ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளர்வது. சக்கர் மீனும் ஓரடியைக் கடந்து வளரும். இவற்றுள் ஒன்றும் இரண்டடித் தொட்டிக்கு உரியதன்று. தொட்டியின் அளவுக்கேற்ப மீன் தன் வளர்ச்சியை அடக்கிக்கொள்ளும் என்று சிலர் கூறுவர். அது அடக்கமன்று, கெட்ட நீரிலும் போதாத இடத்திலும் குன்றிப் போன நோயே ஆகும்.

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உடைய தொட்டி 54 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டு, விளிம்புக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு நிரப்பினால் எஞ்சும் நீர் ஏறத்தாழ 45 லிட்டர். முதிர்ந்த மீனின் நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு லிட்டர் நீரேனும் வேண்டும் என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் எளிய கணக்கு. இக்கணக்கு ஐந்தாறு சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு மீன்களுக்கே பொருந்தும். ஒரு மீன் நீளத்தில் இருமடங்கானால், உடற்பருமனில் ஏறத்தாழ எண்மடங்காகும். உண்பதும் கழிப்பதும் அதற்கேற்பப் பெருகும். இருபது சென்டிமீட்டர் பொன்மீன் ஒன்று, நான்கு சென்டிமீட்டர் மீன்கள் ஐந்துக்கு ஈடு என்று எண்ணுவது பிழையாகும்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. மணலிலும் வடிப்பானிலும் குடியேறும் நுண்ணுயிரிகள் அதனை நைட்ரைட்டாகவும், பின் நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிரிகள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கார நீரில் அம்மோனியாவின் கொடுமை மிகுதி. பி.எச். ஏழிலிருந்து எட்டாக உயர்ந்தால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாகும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. எனவே கடின நீர் உடைய நம் ஊரில், கணக்குக்கு மேல் ஒரு மீன் கூடுவதும் தீங்கே.

மூன்றாவது: குணம்

மீனுக்கு மீன் குணம் வேறுபடும். பெரிய வாயுடைய மீன் சிறிய மீனை விழுங்குவது கொடுமையன்று, அதன் இயல்பு. வாய்க்குள் அடங்குவது இரை என்பதே மீனுலகின் நியதி. அமேசானில் நியான் போன்ற சிறு மீன்களை உண்டு வாழும் ஏஞ்சல் மீனோடு நியானைச் சேர்த்து விட்ட நாம், ஒன்றுக்கு வீடும் மற்றதற்கு உணவும் வாங்கினோம் என்றே கூறவேண்டும்.

புலிவரிப் பார்ப் கூட்டமாக வாழும் மீன். எட்டுப் பத்தாக இருக்கும்போது தமக்குள்ளேயே துரத்தி விளையாடும். மூன்று நான்காகக் குறைந்தால் அத்துடிப்பு பிற மீன்களின்மேல் திரும்பும். அசைந்தாடும் நீண்ட துடுப்பு எதுவாயினும் அதனைக் கொத்தும். ஆகவே அதனை ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் ஆகியவற்றோடு சேர்த்தல் ஆகாது. ஃபைட்டர் எனப்படும் தாய்லாந்துச் சண்டைமீனின் ஆண்கள் இரண்டை ஒரு தொட்டியில் விடலாகாது என்பதைப் பலரும் அறிவர். ஆனால் தோகை போன்ற வாலுடைய ஆண் கப்பியையும் அது தன் பகைவனாக எண்ணித் தாக்குவதுண்டு என்பதை அறிந்தோர் சிலரே.

கூட்டமாக வாழும் மீனை ஒன்றிரண்டாக வாங்குவதும் துன்பமே. வரிக்குதிரை போல் கோடுகள் உடைய ஜீப்ரா டேனியோ நம் நாட்டு மீன். கங்கை வெளியின் மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் இதனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று மருத்துவ ஆய்வுக்கூடங்களில் பெரிதும் பயன்படும் மீனும் இதுவே. ஆறேழு சேர்ந்திருந்தால் தொட்டியின் நீளமெல்லாம் அணிவகுத்து ஓடும். தனித்து விட்டால் மருண்டு ஒதுங்கும், அல்லது பிற மீன்களைத் துரத்தும். பல இனங்களில் ஒவ்வொன்று என வாங்குவதைவிட, இரண்டு இனங்களில் போதிய எண்ணிக்கை வாங்குவதே மீனுக்கும் நலம், காண்போர்க்கும் அழகு.

குட்டி ஈனும் மீன்களில் ஆண் பெண் கணக்கும் உண்டு. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் இல்லையெனில், ஆண்களின் ஓயாத துரத்தலால் பெண் மீன் இளைத்து மடியும். பெண்ணை வைத்தால் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குட்டிகள் பிறக்கும். ஒருமுறை சேர்ந்த பெண் கப்பி, ஆணைப் பிரித்த பின்னரும் சில மாதங்கள் வரை குட்டி ஈன வல்லது. சிறு தொட்டியில் இப்பெருக்கம் பெருந்தொல்லையாகும். எனவே கப்பிகளுள் ஆண்களை மட்டும் வளர்ப்பது எளிய வழி. நிறமும் தோகையும் ஆணுக்கே உரியனவாதலால் அழகு குறைவதில்லை.

நான்காவது: வாழும் மட்டம்

மீனின் வாயைப் பார்த்தே அது வாழும் மட்டத்தை உய்த்துணரலாம். வாய் மேல்நோக்கி அமைந்த மீன் நீரின் மேற்பரப்பில் இரை தேடுவது. முகத்தின் நேரே அமைந்தது நடுநீரில் உலவுவது. கீழ்நோக்கி மீசையோடு அமைந்தது தரையைக் கிளறி உண்பது. கப்பியின் வாயும் ஜீப்ரா டேனியோவின் வாயும் சற்றே மேல்நோக்கியவை. அயிரையின் வாய் கீழ்நோக்கியது. ஒரே மட்டத்தில் பத்து மீன்களை விடுவது ஒரே அறையில் பத்துப் பேரைக் குடிவைப்பது போன்றது; மட்டம் பிரித்து விட்டால் அதே தொட்டி மூன்று அறை வீடாகும்.

அடிமட்டத்திற்குக் கடைக்காரர்கள் பெரும்பாலும் கோரிடோராஸ் மீனைத் தருவர். சாதுவான மீன்தான்; ஆயினும் நம் கோடை வெப்பத்தை அது விரும்புவதில்லை. நம் ஆற்று மணலிலும் ஏரிக் கால்வாயிலும் வாழும் அயிரையே இங்குத் தக்கது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இம்மீனுக்கு 1846இல் பிரெஞ்சு அறிஞர் வாலன்சியென் இட்ட அறிவியற்பெயரின் பிற்பகுதி தெர்மாலிஸ் என்பது. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்த மீனைக் கொண்டு, வெப்பத்தைக் குறிக்கும் இப்பெயர் அமைந்தது. விரல் நீளமே வளரும்; எவரையும் துன்புறுத்தாது; சிந்திய உணவைத் தேடி உண்ணும்; அஞ்சினால் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். ஆகவே கூரிய கற்களை இடாமல், நன்கு கழுவிய மென்மணலை இரண்டு அங்குலம் பரப்புதல் வேண்டும். குழம்புக்குப் பேர்போன மீன் என்பதால் நாம் இதனைத் தொட்டியில் எண்ணிப் பார்ப்பதில்லை போலும்.

நம் ஊர்த் தொட்டிக்குச் சில தேர்வுகள்

மேற்கூறிய நான்கையும் கொண்டு, கடின நீர் நிரம்பிய 45 லிட்டர் தொட்டிக்கு மூன்று தேர்வுகளைக் கூறலாம். முதலாவது, எட்டு ஆண் கப்பிகளும் மூன்று அயிரைகளும். கப்பிக்கு மூன்று சென்டிமீட்டரும் அயிரைக்கு ஆறும் எனக் கொண்டால் மொத்தம் 42 ஆகிறது. இரண்டாவது, ஆறு ஆண் கப்பிகளும் நான்கு பிளாட்டிகளும். பிளாட்டிக்கு ஐந்து சென்டிமீட்டர் எனக் கொண்டால் 38. பிளாட்டியிலும் ஒரே பாலினத்தைத் தேர்வது நலம். மூன்றாவது, எட்டு ஜீப்ரா டேனியோக்களும், வங்காளம், அசாம் பகுதி நீர்நிலைகளுக்குரிய குள்ளக் கௌராமி ஒன்றும். டேனியோ நான்கு, கௌராமி ஏழு எனக் கொண்டால் 39. கௌராமி காற்றையும் நேரே சுவாசிக்க வல்லது. அமைதியான மூலையும் சிறிது செடியும் இருந்தால் மனநிறைவோடு வாழும்.

மாலி மீனும் கடின நீருக்கு உரியதே. ஆயின் அது பெரிதாக வளர்வது, மிகுதியாகக் கழிப்பது. மூன்றடித் தொட்டி உடையோர் அதனை வளர்க்கலாம். பொன்மீனை விரும்புவோர் அதற்கெனத் தனியே பெரிய தொட்டி வைத்தல் வேண்டும். வெப்ப நாட்டுச் சிறு மீன்களோடு அதனைச் சேர்த்தல் இருசாரார்க்கும் நன்மையன்று.

குடியேற்றும் முறை

தேர்வு சரியாயினும் குடியேற்றம் பிழைபட்டால் பயனில்லை. குழாய் நீரில் குளோரின் கலந்திருக்குமாயின் அகன்ற கலத்தில் ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துக. தொட்டியை நிரப்பி, வடிப்பானை ஓடவிட்டு, முதலில் வலிய சிறு மீன்கள் இரண்டு மூன்றை மட்டும் விட்டு, நான்கைந்து வாரங்கள் பொறுத்து எஞ்சியவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். தனக்கென இடம் பிடிக்கும் இயல்புடைய கௌராமி போன்றவற்றை இறுதியில் விடுக. முன்னரே குடியிருப்பவை நிலைபெற்றுவிட்டால் பின்வரும் மீன் தன் ஆதிக்கத்தை நாட்டுவது அரிது.

புதிய மீனை இரண்டு வாரங்கள் தனிக் கலத்தில் வைத்து நோயின்மையை அறிந்த பின்னரே பிற மீன்களோடு சேர்க்க வேண்டும். ஆற்றில் பிடித்த அயிரைக்கு இது மிகவும் இன்றியமையாதது. சென்னையிலிருந்து பேருந்தில் பல மணி நேரம் நெகிழிப் பையில் வரும் மீன் களைத்திருக்கும். பையைக் கால் மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் ஊற்றிப் பழக்கிய பின், மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பை நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவிட வேண்டும். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். கோடையில் வற்றிய நீருக்கு ஈடாக மேலும் ஊற்றுவது மட்டும் போதாது. நீர் ஆவியாகும், அதிலுள்ள சுண்ணம் ஆவியாகாது. ஊற்ற ஊற்றக் கடினத்தன்மை கூடிக்கொண்டே போகும்.

ஆற்றில் விடலாகாது

ஒவ்வாத மீனை வாங்கியோர் இறுதியில் நாடும் எளிய வழி ஒன்றுண்டு. அதனை அருகிலுள்ள ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுவது. உயிரைக் காத்தோம் என்னும் நிறைவும் அவர்க்கு உண்டாகும். நம் தொட்டியில் எஞ்சிய சக்கர் மீன் ஒரு சாண் வளர்ந்தபோது நமக்கும் அவ்வெண்ணம் எழுந்தது.

பள்ளிப்பட்டை ஒட்டி ஓடுவது கொசஸ்தலை ஆறு. ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்படும் மழை நாட்களில் நம் தரைப்பாலங்களை மூழ்கடித்துச் செல்லும் அவ்வெள்ளம், 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்து சென்னையின் குடிநீராகிறது. நம் ஊரில் விடும் மீன் நம் ஊரிலேயே நிற்காது. தென் அமெரிக்காவுக்குரிய சக்கர் மீன் தமிழகம், கேரளம் உள்ளிட்ட பகுதிகளின் நீர்நிலைகளில் பெருகியிருப்பதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். எலும்புத் தகடு போர்த்த அதன் உடலை நம் ஆற்றுப் பறவையும் வராலும் எளிதில் உண்ண இயலாது. கரைகளில் வளை தோண்டும், வலைகளைக் கிழிக்கும், நம் நாட்டு மீன்களின் உணவைப் பறிக்கும். அயிரையும் கெண்டையும் வாழ்ந்த மடுவில் அவற்றிற்கு இடமின்றிப் போகும். ஒரு வீட்டுத் தொட்டியில் நாம் செய்த பிழையை ஓர் ஆற்றுக்கே செய்தவர்களாவோம். வளர்க்க இயலாத மீனைக் கடைக்கோ, பெரிய தொட்டி உடையவர்க்கோ கொடுப்பதே முறை. நாமும் அவ்வாறே கொடுத்தோம்.

நிறைவாக

எல்லைப்புற ஊரில் இரு மொழியினர் சேர்ந்து வாழ்வது, ஒருவர் மொழியை மற்றவர் கற்று, ஒருவர்க்காக மற்றவர் சற்றே விட்டுக்கொடுப்பதால் இயல்கிறது. மனிதர்க்கு அது கைகூடும். மீனுக்கு அது கூடுவதன்று. நியான் மீன் நம் கிணற்று நீரைக் கற்றுக்கொள்ளாது. புலிவரிப் பார்ப் பொறுமையைப் பழகாது. அவற்றிற்காகச் சிந்திக்க வேண்டியவர் நாமே. கடையில் நின்று நிறத்தைச் சுட்டுமுன், எந்நீரில் வாழ்வது, எவ்வளவு வளர்வது, யாரோடு பொருந்துவது, எம்மட்டத்தில் உலவுவது என்று நான்கு வினாக்களைக் கேட்பதற்கு ஐந்து நிமிடமே ஆகும். அவ்வைந்து நிமிடத்தைச் செலவிடாததற்கு நம் வீட்டில் மீன்கள் உயிரை விலையாகத் தந்தன.

தொட்டியைக் கழுவி, மணல் பரப்பி, ஒரு மாதம் பொறுத்திருந்து, எட்டு ஆண் கப்பிகளையும் மூன்று அயிரைகளையும் குடியேற்றினோம். ஒரு கோடையைக் கடந்துவிட்டன. சிறுமி மீண்டும் காலைதோறும் எண்ணத் தொடங்கியிருக்கிறாள். பல நாட்களில் கணக்குப் பத்தில் நின்றுவிடும். அவள் பதறுவதில்லை. புத்தகப் பையைத் தோளில் மாட்டியபடி சற்று நேரம் அங்கேயே நிற்பாள். மணலிலிருந்து மீசையோடு ஒரு தலை வெளியே வரும். "பதினொண்ணு" என்று கூறிவிட்டுப் பள்ளிக்குச் செல்வாள்.